அரங்கத்துக்கு ஒரு வேலை

கூரை ஒழுகுவது மேலாளருக்குப் புதிதல்ல. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் ஒழுகியதுதான் புதிது.

அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருப்பவள். பெரிய மூக்குக்கண்ணாடி. அதிலும் சொட்டு.

"சார், அமைதியான இடம்னு சொன்னீங்க. நனையுற இடம்னு சொல்லலையே."

"மழை விட்டா நின்னுடும்மா."

"மழை காலையிலேயே விட்டுடுச்சு சார். இது உங்க கூரை தனியா பெய்யுறது."

மேலாளருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற நிலையில் அவர் இல்லை. மாநகராட்சியின் அந்த உள்விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு காலத்தில் டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் ஜன்னலில் தொங்கியிருக்கிறார்கள். புறவழிச் சாலைப் பக்கம் குளிர்சாதன வசதியோடு புதிய அரங்கம் வந்ததும் ஆட்டக்காரர்கள் பந்தையும் மட்டையையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியது, ஒரு விளையாட்டுக்கு ஒரு நிறமாகக் கோடு போட்டுக் கடைசியில் எந்தக் கோடு எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் போன மரத்தரை. உள்ளூர் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது பழுதாகி, இன்றுவரை தோற்றுக்கொண்டே இருக்கிற மதிப்பெண் பலகை. பிறகு மேலாளர். அவருக்கு உதவியாளராக ஒரு முன்னாள் நடுவர்.

போன மாதம் ஆணையர் அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லிவிட்டு, உட்காருவதற்குள் பேசி முடித்துவிட்டார்.

"அரங்கத்துக்கு ஏதாவது ஒரு உபயோகம் கண்டுபிடிங்க. அடுத்த மாசக் கடைசியில நானே வந்து பார்ப்பேன். ஒண்ணும் இல்லேன்னா பூட்டிடலாம். நீங்க கவலைப்படாதீங்க, உங்களுக்கு வேற இடம் இருக்கு. தெருநாய்ப் பிரிவுல பொறுப்பாளர் இல்லாம தவிக்கிறாங்க."

மேலாளர் பாதி உட்கார்ந்த நிலையிலேயே எழுந்துவிட்டார்.

நாய் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். வலது கெண்டைக்காலில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. அதை வாங்கிய நாளிலிருந்து அவர் தெருவில் நடைப்பயிற்சிக்குப் போனதில்லை. அரங்கத்தின் பார்வையாளர் படிகளைச் சுற்றித்தான் தினமும் நடப்பார். மைத்துனன் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் போன் செய்து, "கட்டியாச்சா?" என்று கேட்பார். மைத்துனன் வளர்ப்பது முயலைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்று.

"நாய்க்கு நீங்க யாருன்னே தெரியாது" என்றாள் மனைவி, அன்று வீட்டில். "நீங்களாதான் ஓடிக்காட்டி அறிமுகம் பண்ணிக்கிறீங்க."

"நான் வேலையை விட்டுடுவேன்."

"விட்டுட்டு வீட்ல இருப்பீங்களா, நாள் பூராவும்?" அவள் முகத்தில் நிஜமான கலக்கம் தெரிந்தது. "அதெல்லாம் வேண்டாம். ஒரு உபயோகம் கண்டுபிடிப்போம்."

படிக்க இடம் தேடி அலைந்த தேர்வுக் கூட்டத்தை அப்படித்தான் பிடித்தார். இப்போது அவர்கள் தலையில் கூரை ஒழுகுகிறது.

"விசில் அண்ணே" என்று கூப்பிட்டார்.

முன்னாள் நடுவரை ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஆட்டம் போய்விட்டாலும் கழுத்திலிருந்து விசிலும் சட்டைப்பையிலிருந்து அட்டைகளும் போகவில்லை. அவர் அண்ணாந்து பார்த்து, ஒழுகும் இடங்களை ஒவ்வொன்றாக விரலால் காட்டித் தீர்ப்புச் சொன்னார். பிறகு பின்கட்டிலிருந்து, வீரர்கள் கால் கழுவுவதற்காக வாங்கி வைத்திருந்த அலுமினியத் தொட்டிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஒழுக்கின் கீழும் வைத்தார். தொட்டிகளைச் சுற்றித் தெறித்த நீரில் ஒருவன் வழுக்கி விழவே, பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கித் தரை முழுக்கத் தூவினார்.

ஈரம் போயிற்று. மேலாளர் பெருமூச்சு விட்டார்.

அவர் விட்ட மூச்சில் மரத்தூள் பறந்தது. தேர்வுக் கூட்டம் மொத்தமும் தும்மத் தொடங்கியது.

அதே வேளையில்தான் சிரிப்பு மன்றம் உள்ளே வந்தது. கூட்டம் நிறைய இருந்தால் ஆணையர் அம்மா மகிழ்வார் என்று மனைவி சேர்த்துவிட்ட மன்றம் அது. தினமும் வட்டமாக நின்று, காரணமே இல்லாமல் சிரித்து, உடம்பைத் தேற்றிக்கொள்கிறவர்கள். தலைவி, மனைவியின் பெரியம்மா. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வேலையில் இருந்த காலமெல்லாம் சிரிக்காததைச் சேர்த்துவைத்து இப்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இதுங்க ஏன் இப்படித் தும்முதுங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சிரித்தார். மன்றம் முழுதும் சிரித்தது. வழக்கமாகக் காரணமில்லாமல் சிரிப்பவர்களுக்கு முதன்முதலாக ஒரு காரணம் கிடைத்திருந்தது. அவர்களால் நிறுத்த முடியவில்லை.

கண்ணாடிக்காரப் பெண் எழுந்து வந்தாள். "சார், ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்."

"ரெண்டு பேரும் இருக்கணும்மா. அதுதான் முக்கியம்."

விசில் அண்ணன் நிலைமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நீளமாக ஒரு விசில் ஊதிவிட்டுப் பெரியம்மாவின் முகத்துக்கு நேராக மஞ்சள் அட்டையை நீட்டினார்.

பெரியம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, இந்த ஆளு எனக்கு எதுக்கு அட்டை காட்டுறாரு?"

"எச்சரிக்கை" என்றார் விசில் அண்ணன். "இன்னொரு தடவை சிரிச்சா வெளியே."

அன்று மாலை மனைவி மேலாளரிடம் பேசவில்லை. பேசாமல் இருந்ததை இரவுச் சாப்பாட்டின்போது விரிவாக விளக்கினாள்.

மறுநாள் மேலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே, ரசிகர்கள் குதித்து உள்ளே வராமல் இருக்கப் போட்ட கம்பிவலைத் தட்டிகள் இப்போது எதற்கு? ரசிகர்களே இல்லை. வெல்டரைக் கூப்பிட்டு அவற்றைப் பெயர்த்து, தரையை வரிசை வரிசையாகத் தடுத்தார். தேர்வுக் கூட்டத்துக்குக் கொஞ்சம், சிரிப்பு மன்றத்துக்குக் கொஞ்சம். இனி யார் வந்தாலும் கொடுக்க மீதி. பெரியம்மா, "எழுதும்மா, கையெழுத்தப் பாப்போம்" என்று அடிக்கடி தேர்வுப் பக்கம் போய் நின்றதால் ஒவ்வொரு தடுப்புக்கும் கதவும், வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் வைக்க வேண்டியதாயிற்று.

"மாப்பிள்ளை, எங்களக் கூண்டுல போட்ட மாதிரி இருக்கு."

"ஒரு ஒழுங்குக்குத்தான் பெரியம்மா."

"ஒழுங்கு எனக்குத் தெரியாதா? நான் தலைமை ஆசிரியை."

கம்பிவலை ஆளைத் தடுத்தது. சிரிப்பைத் தடுக்கவில்லை. அது வலை வழியே தாராளமாகப் போய், தேர்வுக் கூட்டத்தைத் தாண்டி, தெருவையும் தாண்டி, எதிரே இருந்த மகப்பேறு மருத்துவமனைக்குள் நுழைந்தது. அங்கிருந்து ஒரு செவிலியர் வந்தார். பிள்ளை பெற்றவர்கள் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தையல் வலியில் துடிக்கிறார்கள் என்றார்.

மல்யுத்தப் பிரிவின் பழைய மெத்தைகள் கிடங்கில் கிடந்தன. மேலாளரும் விசில் அண்ணனும் அவற்றை இழுத்து வந்து, நான்கு சுவர்களிலும் வாசல் கதவிலும் தரையிலிருந்து உத்தரம்வரை கட்டினார்கள். விசில் அண்ணனை உள்ளே ஊதச் சொல்லிவிட்டு மேலாளர் தெருவில் நின்று கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் நின்ற செவிலியர் கும்பிட்டார்.

மேலாளர் மறுபடியும் பெருமூச்சு விட்டார். இந்த முறை தெருவில் விட்டதால் ஒன்றும் பறக்கவில்லை.

ஆனால் வெளியே போக முடியாத சிரிப்பு உள்ளேயே சுற்றியது. மெத்தை கட்டாத கூரையில் முட்டி, வேறு குரலில் திரும்பி வந்தது. பெரியம்மா ஒரு முறை சிரித்தால், கூரையிலிருந்து யாரோ அவரைப் பார்த்துச் சிரிப்பது போல் கேட்டது.

"நம்மளையே கிண்டல் பண்ணுது" என்றார் அவர். சிரிப்பு மன்றம் முதன்முறையாகச் சோகமாகக் கலைந்து போனது.

தேர்வுக் கூட்டமும் தங்கவில்லை. "சார், உங்க மேல கோபம் இல்ல. நீங்க நல்லவரு. இடம்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரப் பெண் கடைசியாக ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போனாள்.

ஆணையர் அம்மா வந்த காலையில் அரங்கத்தில் ஆள் இல்லை. காலித் தடுப்புகள், தண்ணீர் நிறைந்த தொட்டிகள், மரத்தூள், மெத்தைச் சுவர். தோற்றுக்கொண்டிருந்த மதிப்பெண் பலகை.

மேலாளர் வாசலில் நின்றார். வலது கெண்டைக்கால் துடித்தது.

"சார், கடைசி நிமிஷம்வரை ஆட்டம் முடியாது" என்றார் விசில் அண்ணன்.

"ஆட்டக்காரங்களே இல்லையே அண்ணே."

ஆணையர் அம்மா தன் உதவியாளரோடு உள்ளே வந்தார். நடந்தார். ஒரு தடுப்பின் முன் நின்று தாழ்ப்பாளைத் திறந்து மூடினார்.

"இது யாரோட யோசனை?"

"என்னோடதுதான் மேடம்." தப்பை ஒப்புக்கொள்ளும் குரலில் சொன்னார் மேலாளர். "ஒருத்தருக்கொருத்தர் ஆகல. அதான் பிரிச்சு வெச்சேன்."

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம்."

"தாண்டித் தாண்டிப் போறாங்க மேடம்."

ஆணையர் அம்மா குனிந்து ஒரு பிடி மரத்தூளை எடுத்து விரல்களுக்கிடையே உதிர்த்தார்.

"ஈரத்தை உறிஞ்சிடும் மேடம். அப்படியே கூட்டி அள்ளிடலாம்."

"தொட்டியெல்லாம்?"

"தண்ணி எப்பவும் இருக்கும்" என்றார் மேலாளர். மழைக்காலத்தில் அது உண்மைதான்.

சுவரில் கட்டிய மெத்தையை ஆணையர் அம்மா தட்டிப் பார்த்தார். பிறகு உதவியாளரை அங்கேயே நிற்கச் சொல்லி, "நான் வெளியே போறேன். நீங்க உங்களால ஆனமட்டும் கத்துங்க" என்றார்.

பல வருடமாக அதற்குக் காத்திருந்தவர் போல உதவியாளர் கத்தினார். அம்மா திரும்பி வந்தபோதும் கத்திக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் அம்மா. "வெளியே ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. எதிர்ல ஆஸ்பத்திரி வேற இருக்கு. எத்தனை இடத்துக்குப் போயி எத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கினேன் தெரியுமா?" அவர் முகம் மலர்ந்திருந்தது. "நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீங்க எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கீங்க. இதவிடப் பொருத்தமா இந்த அரங்கத்துக்கு ஒரு உபயோகம் இருக்க முடியாது."

மேலாளர் வாயைத் திறந்தார். என்ன உபயோகம் என்று கேட்க நினைத்தார். பின்னாலிருந்து விசில் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அப்போ என்னோட மாறுதல் மேடம்?" என்று மட்டும் மேலாளர் கேட்டார்.

"மாறுதலா? உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன். இங்கயேதான். நீங்களே பொறுப்பு. நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடலாம்."

கார் தெருமுனையைத் திரும்பும்வரை இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"என்ன ஆரம்பிக்கப் போறாங்கன்னு கேட்டிருக்கலாம் அண்ணே."

"ஜெயிச்ச பிறகு நடுவர்கிட்ட போயி எப்படி ஜெயிச்சோம்னு கேக்கக் கூடாது சார். நானே பல தடவை மாத்திச் சொல்லியிருக்கேன்."

மேலாளர் வீட்டுக்குப் போன் செய்தார். "மாறுதல் இல்ல" என்றதும் மறுமுனையில் மனைவி, "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில், அவர் வீட்டில் இருக்கப்போவதில்லை என்ற நிம்மதியும் கலந்திருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரியம்மாகூடப் போனை வாங்கி, "கெட்டிக்காரர்தான் மாப்பிள்ளை" என்றார். விசில் அண்ணனைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மேலாளர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். கேலரி படிகளைச் சுற்றி நடந்தார். பழைய ரப்பர் வாசனை, மரத்தூள் வாசனை, எங்கோ ஒரு தொட்டியில் சொட்டும் சத்தம். எல்லாமே தன்னுடையது என்று தோன்றியது. நூலகமாக இருக்கலாம். குழந்தைகளுக்கான பயிற்சி மையமாக இருக்கலாம். எதுவானால் என்ன, தெருவில் இறங்காமல் இப்படியே ஓய்வுபெறும்வரை நடந்துகொண்டிருக்கலாம். தோற்றுக்கொண்டிருந்த மதிப்பெண் பலகையைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். கூரை திருப்பிச் சிரித்தது.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். மாநகராட்சி வேன், நான்கு பக்கமும் மூடியது. மேசை நாற்காலிகளாக இருக்கும் என்று நினைத்தபடியே மேலாளர் இறங்கிப் போய் வாசல் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து வைத்தார்.

வேனிலிருந்து ஓட்டுநர் குதித்தார். முழங்கைவரை தடித்த தோலுறை மாட்டியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, தடுப்புகளைக் கண்டு திருப்தியாகத் தலையசைத்தார்.

"சார், கடிக்கிறதெல்லாம் எந்தப் பக்கம், கடிக்காததெல்லாம் எந்தப் பக்கம் விடணும்?"