பச்சை லைற் எரியுதோ?

"பச்சை லைற் எரியுதோ?"

வவுனியா ஆசுப்பத்திரியிலிருந்து சுதாஜினி கேட்ட முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டீங்களோ, அப்பா எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"எரியுது," என்றான் நிருஷன்.

எரிந்தது உண்மை. அது எரிவதற்காக அவன் கதிரை மேல் ஏறி நின்று, அலுமாரிக்கு மேலே இருந்த பிளக்கை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்ததும் உண்மை. அதை மட்டும் சொல்லவில்லை. நிறைமாதக்காரிக்குப் பிறஷர் கூடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன, மூச்சு வாங்குது?"

"இப்பதான் வேலையால வந்தனான்."

"கவனமப்பா. நிண்டால் எல்லாம் போயிடும்."

போன் நின்றது. நிருஷன் நிற்க முடியாமல் நின்றான்.

அந்தப் பெட்டி இருபது வருசப் பழசு. ரீவியோடு பூட்டி விளையாடும் கேம் பெட்டி. சுதாஜினியைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர்மார் சொன்னபோது, பொழுது போகட்டும் என்று கிளிநொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் நிருஷன் வாங்கி வந்தது. கடைக்காரர் கார் ஓட்டம் ஒன்றும் கிரிக்கெட் ஒன்றும் எடுத்து வைத்தார். பிறகு, யப்பான் எழுத்தோடு கீறல் விழுந்த ஒரு சீடித் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை ஒருதரும் கேட்டதில்லைத் தம்பி. சும்மா கொண்டு போங்கோ. கோப்பைக்குக் கீழ வைக்கலாம்."

காரும் கிரிக்கெட்டும் ஒரு கிழமையில் அலுத்துப்போயின. கோப்பைக்குக் கீழே வைக்க வேண்டியது சுதாஜினியைப் பிடித்துக்கொண்டது.

அதில் சுடுகிற துவக்கு இல்லை. ஓட்டப் பந்தயம் இல்லை. புள்ளிகூட இல்லை. கடல் வந்து அழித்துவிட்ட ஒரு தீவு மட்டும் இருந்தது. மண்ணை அள்ள வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், சுவர் வைத்துக் கூரை போட வேண்டும். ஒரு வீடு முடிந்தால் கடலிலே ஒரு தோணி தெரியும். அதிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்து கதவைத் திறக்கும். அவ்வளவுதான்.

அவளுடைய தகப்பன் மயில்வாகனம் சாய்மனைக் கதிரையிலிருந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"எங்களைக் கேட்டிருந்தால், கரண்ட் இல்லாமலே இதைச் செய்து காட்டியிருப்பம்," என்றார். பிறகு, செய்தி போடச் சொன்னார்.

ஒரேயொரு சிக்கல். விளையாடியதைச் சேமித்து வைக்கும் கார்ட் போடுகிற ஓட்டைக்குள் எறும்பு கூடு கட்டித் துருப்பிடித்திருந்தது. பெட்டியை நிறுத்தினால் தீவு திரும்பவும் கடலுக்குள். ஆகவே, ரீவியை நிறுத்தலாம், பெட்டியை நிறுத்தக் கூடாது. மாதக் கணக்காக அதன் முன்பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடும்போது வாசலில் நின்று அவள் சொன்னாள்.

"இனி வெளிச்சவீடு மட்டும்தான் கிடக்கு. பிள்ளையோட வந்து நான்தான் அதை ஏத்துவன். அதுவரைக்கும் நிக்க விடாதேங்கோ. ரீவியைப் போடவும் வேண்டாம், ஒண்டையும் தொடவும் வேண்டாம். பச்சை லைற் எரிஞ்சால் எனக்குக் காணும்."

நிருஷன் தலையாட்டினான். போன முறை குழந்தை தங்கவில்லை. அப்போது அவன் வாட்டு வாசலிலேயே சாப்பிடாமல் நின்று, மயங்கி விழுந்து, அவனுக்கும் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. மயில்வாகனம் வாசல் காவலாளியோடு சண்டைக்குப் போனார். கட்டிலில் கிடந்த சுதாஜினிதான் இரண்டு பேரையும் தேற்றினாள்.

இந்த முறை தாய் கமலாசனி மட்டும் கூட நின்றாள். நிருஷன் அவர்களை வவுனியாவில் விட்டுவிட்டு, அடுத்த நாளே விசுவமடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். பெட்டியை யார் பார்ப்பது?

பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. கடதாசி மட்டையை மடித்துப் பிளக்குக்குப் பக்கத்தில் செருகினான். இறுகி நின்றது. நிம்மதியாக இரும்புக்கடை வேலைக்குப் போனான்.

பின்னேரம் வந்தபோது வீடெல்லாம் எரிந்த மணம். சுவரில் பிளக் இருந்த இடம் கரியாக இருந்தது. பெட்டியின் வயர் குசினிப் பக்கமாக நீண்டு, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கில் போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி சும்மா நின்றது.

"நான்தான் மாத்தினன்," என்றார் மயில்வாகனம். கண்கள் சிவந்திருந்தன.

"மாத்தேக்க நிக்கேல்லையோ மாமா?"

"கெதியா மாத்தினன்."

நிருஷன் குனிந்து பார்த்தான். பச்சை எரிந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த மீனெல்லாம் பழுதாகிப் பூனைகளுக்குப் போனது பெரிய விசயமாகப் படவில்லை.

"கண் ஏன் மாமா இப்பிடி?"

"புகை."

"பெருவிரலில என்ன துணி?"

"மண்வெட்டி."

விதைப்புக் காலத்தில் வயல் பக்கமே போகாத மனிசனுக்கு மண்வெட்டி எங்கே பட்டது என்று நிருஷன் யோசிக்கவில்லை. செய்தி செய்தி என்று உயிரை எடுக்கிறவர் இந்த நாட்களில் செய்தி கேட்பதில்லை என்பதையும் யோசிக்கவில்லை. அவன் யோசனை முழுவதும் அடுத்த ஆபத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் கரண்ட் இல்லை. லைனில் முட்டும் மரங்களை வெட்டப்போகிறார்களாம்.

லைற்றும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடும் வினோதன், ஞாயிறு விடியவே லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஜெனரேற்றரோடு வந்தான். வேறு இடத்துக் கொண்டாட்டத்துக்குப் போகிற அவசரத்தில், பாரம் குறையட்டும் என்று இரண்டு ஒலிபெருக்கிக் குழல்களையும் விறாந்தையில் இறக்கி வைத்தான்.

"கரண்டில இருந்து இதுக்கு மாத்தேக்க பெட்டி நிக்காதோ?" என்று கேட்டான் நிருஷன்.

"கண் மூடித் திறக்கிறதுக்குள்ள மாத்திடலாம்."

"கண் மூடினாலே நிண்டிடும்."

இருவரும் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மயில்வாகனம் எழும்பி வந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் வெளியில போங்கோ. நான் மாத்துறன்."

"மாமா..."

"போன முறை ஆர் மாத்தினது? போங்கோ."

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "பச்சை எரியுது. கதவைத் திறக்க வேண்டாம், தூசி."

வினோதன் போய்விட்டான். ஜெனரேற்றர் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. அது நின்றுவிடாமல் பார்க்க, நிருஷன் எண்ணெய்க் கானோடு பக்கத்திலேயே நின்றான். இரவு முழுவதும் நித்திரை இல்லை. முகம் வீங்கியிருந்தது.

முதலில் படலையைத் திறந்துகொண்டு வந்தவர் சங்கிலி. மலையகத்திலிருந்து வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறியவர். வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. நிருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறார் போல என்று நினைத்தான் நிருஷன்.

"நேத்துகூட நல்லாத்தான் இருந்தாரு," என்றார் சங்கிலி.

"ஆர்?"

"சரி தம்பி, மனச விட்டுடாத. உள்ளதான் இருக்காரா?"

"ஓம். கதவைத் திறக்க வேண்டாமெண்டு..." நிருஷன் முடிக்கவில்லை. சங்கிலியின் மனைவி சிவலட்சுமி சீனியும் தேயிலையும் கட்டிய பையோடு வந்தாள். பின்னால் இன்னும் சில பேர். யாரோ கதிரைகளை முற்றத்தில் இறக்கினார்கள். ஒழுங்கைத் தலைப்பில், சனசமூக நிலையப் பொடியள் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் இல்லாத நாளில் ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர். விறாந்தையில் ஒலிபெருக்கி. சாத்திய கதவு. வாசலில் முகம் வீங்கிய மருமகன். சாமான் இறக்கியவனை வழியில் மறித்துக் கேட்டால், என்னவோ அவசரமாம் என்றிருக்கிறான். செத்த வீடென்றில்லாமல் ஊர் வேறு எதை நினைக்கும்?

சிவலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தி அழத் தொடங்கிய பிறகுதான் நிருஷனுக்கு விளங்கியது.

"இல்லை இல்லை. மாமாவுக்கு ஒண்டுமில்லை. அது... ஒரு லைற்றுக்காக."

"பாவம், பயபுள்ளைக்குப் புத்தி தடுமாறிருச்சு," என்றார் சங்கிலி பக்கத்தில் நின்றவரிடம். பிறகு ஆறுதலாகச் சொன்னார். "நீ ஒண்ணும் யோசிக்காத. வவுனியாவுக்குக்கூட நாங்களே சொல்லியாச்சு."

நிருஷனின் கையிலிருந்த எண்ணெய்க் கான் கீழே விழுந்தது.

போன் உள்ளே, மேசையில். அவன் கதவில் இரண்டு கையாலும் அடித்தான். "மாமா, திறவுங்கோ. சுதாவுக்குச் சொல்லிப்போட்டினம். மாமா."

கதவு திறந்தது. மயில்வாகனம் நின்றார். சாரம் மடித்துக் கட்டியிருந்தது. கையில் ஜொய்ஸ்ரிக். அதன் வயர் பின்னால் ரீவி வரை இழுபட்டு நின்றது. ரீவியில் பாதி கட்டிய வீடொன்று.

முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

"ஆர் செத்தது?" என்றார் மயில்வாகனம்.

சிவலட்சுமி அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் இருமினாள்.

வவுனியாவுக்கு எடுத்த போனை அவரே வாங்கினார். "நான்தான் கதைக்கிறன். சாகேல்ல."

"தெரியும்," என்றாள் கமலாசனி. "நீங்கள் செத்திருந்தால் மருமோன்தான் முதல் அழுதுகொண்டு எடுத்திருப்பார். அவளுக்கு நான் சொல்லேல்லை. அவளைத் தியேட்டருக்குள்ள கொண்டுபோட்டினம். பிறஷர் இறங்கேல்லையாம். வெட்டித்தான் எடுக்கப்போகினம்."

வந்தவர்களிடம் நிருஷன் அதைச் சொன்னான். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. சங்கிலி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பொடியள் போய் வெள்ளைக்கொடியை அவிழ்த்தார்கள்.

நிருஷன் உள்ளே வந்தான். வவுனியாவுக்குப் போக இப்போது ஒரு பஸ் பிடித்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். மாமனார் திரும்பவும் ரீவிக்கு முன்னால் இருந்து, கூரைக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவன் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

"மாமா. வெளிச்சவீடு மட்டும்தானே மிச்சமெண்டவள். இதில வீடே முடியேல்லை."

மயில்வாகனம் திரும்பவில்லை.

"நீங்கள் வவுனியாவுக்குப் போன அண்டைக்குச் செய்தி பாப்பமெண்டு வயரை மாத்திக் கழட்டிப்போட்டன். எல்லாம் போச்சு. அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது? இருந்து கட்டினன். பிறகு நீ மட்டை வச்ச அண்டு அது எரிஞ்சு நிண்டுது. திரும்பக் கட்டினன். இண்டைக்கு உந்த ஜெனரேற்றருக்கு மாத்தேக்க நிண்டுது."

"மூண்டாம் முறையோ?"

"முதல் முறைதான் கஷ்டம்," என்றார் மயில்வாகனம். "பிறகு எதை முதல்ல கட்ட வேணுமெண்டு விளங்கிடும். கிணறு. பிறகு கூரை. சுவரைப் பிறகு பாக்கலாம்."

பெருவிரல் துணியில் இரத்தம் கசிந்திருந்தது. நிருஷன் கையை நீட்டினான். அவர் ஜொய்ஸ்ரிக்கைக் கொடுத்தார். அவன் மண் அள்ளினான். அவர் எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினார். தோணிகள் ஒவ்வொன்றாக வந்தன. யார் யாரோ இறங்கித் தங்கள் கதவைத் திறந்தார்கள். இருவரும் போனைப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இல்லை.

அது அடித்தபோது இருவரும் எடுக்கவில்லை. வாசலில் நின்ற சிவலட்சுமிதான் ஓடி வந்து எடுத்தாள்.

"பொம்பளப் புள்ளையாம்," என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

செத்த வீட்டுக்கென்று வந்த சீனியிலும் தேயிலையிலும் முற்றம் முழுவதும் தேத்தண்ணி குடித்தது.

கரண்ட் வந்து வயரைத் திரும்ப மாற்றியபோது பெட்டி நாலாவது முறையும் நின்றது; இரண்டு பேரும் சேர்ந்து திரும்பவும் கட்டினார்கள். சுதாஜினி பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையை நிருஷனிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கதிரையில் இருந்து ரீவியைப் போட்டாள்.

தீவு இருந்தது. வீடுகள் இருந்தன. தென்னைகள் இருந்தன. கடலோரத்தில் வெளிச்சவீடு இருட்டாக நின்றது.

அவள் அந்த இருட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு ஆண்களும் நின்றார்கள்.

"கிணறெல்லாம் வளவுக்கு வடகிழக்கு மூலையில கிடக்கு," என்றாள் திரும்பாமலே. "நான் அதொண்டும் பாத்து வெட்டேல்லையே."

மயில்வாகனம் மின்விசிறியைப் பார்த்தார். துணி சுற்றிய விரலைச் சாரத்துக்குள் மறைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜொய்ஸ்ரிக்கை எடுத்து அமத்தினாள். வெளிச்சவீடு எரிந்தது. கடல் மேல் வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நிருஷனுக்கும் கண் கலங்கியது. காப்பாற்றிவிட்டோம்.

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்த கமலாசனி ரீவியைப் பார்த்து நின்றாள்.

"இதென்ன பிள்ளை, திரும்பவும் ஏத்துறாய்? வெளிக்கிட்ட அண்டு விடியவே இதை ஏத்தி முடிச்சுப்போட்டுத்தானே வந்தனீ, இந்த ரெண்டு ஆம்பிளையளும் போன முறை மாதிரி வாட்டு வாசலில நிண்டு அழாமல் இருக்க வீட்டில ஒரு வேலை வேணுமெண்டு?"