மொட்டை மாடிக்காக ஒரு முழக்கம்

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசியே தீருவது என்று முடிவு செய்தேன். விஷயம் அப்படி. கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். மாடிப்படி, லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடி என்று பொது இடம் எதிலும் யாரும் புகை பிடிக்கக் கூடாதாம். மாடிப்படிப் புகையால் பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. நியாயம்தான். மாடிப்படியைத் தடை செய்யட்டும். லிஃப்டையும் செய்யட்டும். மொட்டை மாடி என்ன பாவம் செய்தது?

அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் என் உயிரே இருந்தது. என் மனைவியைப் பொறுத்தவரை நான் சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகிறது. செல்போனுக்கு சிக்னல் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறுவேன். பிடிப்பது மட்டும் உண்மை.

கூட்டத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகப் பேச முடியுமா? ஊருக்காகப் பேசினேன். புகைப்பவனும் மனிதன்தான், திறந்த வெளியில் ஒரு மூலையாவது கொடுங்கள் என்று முழங்கினேன். சொத்தைப் பல்லுக்காகத் தாடையையே பிடுங்குவீர்களா என்று கேட்டேன். பல் டாக்டர் பல்லைக் கடித்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் கை வலிக்கக் கைதட்டினார்.

அப்போது என் மனைவி எழுந்தாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். அவளோ நான் சொல்வதுதான் சரி என்றாள். தொட்டி மூலையைக் கொடுத்துவிடலாம், ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி மாடிக் கதவைப் பூட்டி, பொறுப்பான ஒருவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றாள். டாக்டரே தலையாட்டினார். சாவி அவளிடமே இருக்கட்டும் என்றார் பாட்டு டீச்சர். நான் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தேன்.

ஜெயித்த குஷியில் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அந்தச் சாவியக் கொஞ்சம் கொடேன்."

"எதுக்குங்க?"

"சும்மா, மாடிக்கு."

"அது புகை பிடிக்கிறவங்களுக்குன்னு நீங்கதானே பேசி வாங்கினீங்க? உங்களுக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. துணி காயப்போட என்று உளறிவிட்டேன்.

"அட, இத்தனை நாளா கேக்கணும்னு நெனச்சேன்" என்று ஈரத்துணி வாளியை என் கையில் கொடுத்தாள். அதே நேரம் தையல்காரர் வாசலில் நின்று சாவி கேட்டார். அவரை அன்பாக அழைத்துக்கொண்டு, என்னையும் முன்னால் விட்டு, தானே மேலே வந்து கதவைத் திறந்தாள்.

நான் போராடி வாங்கிய மூலையில் தையல்காரர் ஊதிக்கொண்டிருந்தார். நான் போர்வையை உதறிக்கொண்டிருந்தேன்.