மூன்று நிமிட மஞ்சள் சாமி

வேடசந்தூர் சாலையில் ஒரு தென்னந்தோப்பின் வாசலில் மில் பஸ்கள் தாமாகவே நிற்கப் பழகிவிட்டன. இறங்குகிறவர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். எல்லோரும் மூடிக்கொள்வதால், யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசல் பலகை சொல்லியது: "எச்.ஐ.வி. இருக்கா, இல்லையா? ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். இங்கே மூன்று நிமிடம். அருள்வாக்கு மஞ்சள் சாமி."

மஞ்சள் சாமிக்கு ரேஷன் கார்டில் பொன்னுத்துரை என்று பெயர். முன்பு போர்வெல் போட நீரோட்டம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் புழுதி பறந்ததால், மனித உடம்புக்குள் பார்க்கத் தொடங்கினார். அங்கே துளை போட்டுச் சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

பரிசோதனை எளிது. பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர். வந்தவர் அதில் விரலை நனைக்க வேண்டும். பிறகு சாமி தன் கட்டைவிரலை விட்டுச் சுழற்றி முணுமுணுப்பார். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தால் நோயில்லை. சிவந்தால் நோய். அதற்கும் பரிகாரம் உண்டு, தனிக் கட்டணத்தில். மந்திரித்த எலுமிச்சையைப் பிழிவார், சிவப்பு போய் மஞ்சள் திரும்பிவிடும். பெரும்பாலும் காரில் வந்தவர்களுக்குத்தான் சிவக்கும். மில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு மஞ்சள். கிருமிக்குக்கூட வசதி பார்த்துப் பழகத் தெரிந்திருக்கிறது.

சிவபிரகாஷுக்கு மஞ்சள்.

அவன் நூல் மில் தொழிலாளி. பானுப்ரியாவோடு கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் திருப்பூருக்குப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியோடு பாதுகாப்பில்லாமல் ஒரு தடவை. மறுநாளே பயம் பிடித்தது. மறுநாளே தோப்புக்கு ஓடினான். கூட்டம் அவ்வளவு இருந்ததால் ஐந்தாம் நாளுக்குத்தான் டோக்கன் கிடைத்தது. அன்றைக்குத் தண்ணீர் சிவக்காததைப் பார்த்து அங்கேயே விழுந்து கும்பிட்டான்.

சந்தோஷத்தை அடக்க முடியாமல் திண்டுக்கல்லுக்குப் போய் நாசரிடம் சொன்னான். நாசர் பள்ளிக்கூடத் தோழன், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன். கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை.

"எந்திரி மாப்ள. செத்த நேரம் எங்கூட வா."

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு இழுத்துப் போனான். அங்கே ஆலோசகர் மஹ்ஜபீன் ரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

"பாத்தியாடா, சாமி சொன்னதேதான்" என்றான் சிவபிரகாஷ்.

"உக்காருங்க தம்பி" என்றார் மஹ்ஜபீன். "இன்னிக்கு இல்லைனு வந்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான்னு வைங்க. வீட்டுக்காரன் முழிச்சுச் சத்தம் போட்டாத்தான தெருவுக்குத் தெரியும்? இந்த டெஸ்ட்டு திருடனத் தேடல, உடம்பு போடுற சத்தத்தத் தேடுது. சில உடம்பு மூணு வாரத்துலயே கத்திரும். சிலது மெதுவாத்தான் முழிக்கும். திருடன் விட்ட செருப்பையும் சேத்துத் தேடுற டெஸ்ட்டு பெரிய லேப்ல இருக்கு, அது ஆறேழு வாரத்துல சொல்லிரும். இங்க சத்தம் மட்டுந்தான். தொண்ணூறு நாளைக்குப் பெறகும் சத்தமில்லைனா, திருடன் வரவே இல்லனு உறுதியாச் சொல்லலாம்."

"ஒரு மாசத்துல கல்யாணம்க்கா."

"அந்தப் பிள்ளைக்குத் தாலியோட சேத்து இதையும் குடுக்கப் போறீகளா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பயம் வந்த அன்னைக்கே வந்திருந்தா தடுக்குற மாத்திரை குடுத்திருப்போம். மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். அந்த மூணு நாளு எங்க இருந்தீக?"

டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தான். இதை எந்த வாயால் சொல்வது?

அப்படியும் வெளியே வந்ததும் புத்தி தோப்புக்கே திரும்பியது. "எனக்கு முன்னாடி ஒருத்தருக்குத் தண்ணி செவந்தத என் கண்ணால பாத்தேன்டா நாசர்."

"எலுமிச்சையப் பிழிஞ்சதும் மஞ்சளாச்சா?"

"ஆமா."

"அப்ப நாளைக்குப் போவோம்."

மறுநாள் டோக்கன் இல்லாமலே வரிசையில் புகுந்து, முன்னால் நின்ற ஒச்சம்மாள் என்ற பெண்ணிடம் நாசர் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டான். முறை வந்ததும், தோப்பில் கிடந்த ஒரு தேங்காயை எடுத்து, கூட்டம் பார்க்க அதில் சுண்ணாம்பைத் தடவினான்.

"மொதல்ல இதுக்குப் பாத்துருவோம் சாமி."

சாமி கையைத் தட்டிவிடுவதற்குள் தேங்காய் கிண்ணத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது.

"அடப்பாவமே, தேங்காய்க்கு நோய்" என்றான் நாசர். "எந்த மரத்தோட பழகுச்சோ." சாமியின் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சையைப் பிடுங்கிப் பிழிந்தான். தண்ணீர் மஞ்சளானது. "குணமாயிருச்சு. பரிகாரம் முடிஞ்சது."

"சாமி குத்தம்டா. கண்ணு அவிஞ்சுபோகும்."

"கண்ணு இருக்கட்டும். ஒங்க கட்டைவிரல எலுமிச்சைச் சாறுல கழுவிட்டு ஒருத்தருக்காச்சும் செவக்க வைங்க, காலுல விழுறேன். நான் தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நிக்கிறவன் சாமி. சரியாக் கை கழுவாம உக்காந்தா சாம்பார்ச் சோறு செவக்கும். ஒங்க கணக்குப்படி எங்க ஷாப்புல அம்புட்டுப் பேருக்கும் தெனம் மத்தியானம் எய்ட்ஸ்."

சாமி கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடிக்கொண்டார்.

"ஆத்தி, இது நம்ம ஆரத்தித் தண்ணியாச்சே" என்றாள் ஒச்சம்மாள். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுப்பவள் அவள்தான். அதே தண்ணீருக்காக டோக்கன் வாங்கிக் காத்திருந்தவளும் அவள்தான். அங்கே நின்ற யார் வீட்டில்தான் ஆரத்தி கரைக்கவில்லை? வீட்டில் கரைத்தால் சடங்கு, தோப்பில் கரைத்தால் அருள்.

கூட்டத்தில் இரண்டு பேர் சாமியின் முஷ்டியைப் பிரித்தார்கள். கட்டைவிரல் நகத்துக்கடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு. பிடி தளர்ந்த நேரத்தில் சாமி பம்புசெட்டுப் பக்கமாக ஓடினார்.

"அப்ப எனக்கு நோயில்ல" என்று குதித்தார், முந்தின வாரம் சிவந்துபோன ஒருவர்.

"அதுவும் தெரியாதுண்ணே" என்றான் நாசர். "செவந்ததுக்கும் அர்த்தமில்ல, செவக்காததுக்கும் அர்த்தமில்ல. டெஸ்ட் எடுங்க."

சிவபிரகாஷ் ஓரமாகப் போய்ப் பானுப்ரியாவுக்குப் போன் போட்டான். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றான். ஏன் என்றாள். திருப்பூரிலிருந்து தேங்காய் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொன்னான்.

"நீங்க செஞ்சது தப்பு. அத நான் தனியாப் பேசிக்கிறேன்" என்றாள். "ஆனா மஞ்சத் தண்ணிய நம்பியா எங்கழுத்துல தாலி கட்ட வரப் பாத்தீங்க? தொண்ணூறு நாள் கழிச்சு ரிசல்ட்டோட வாங்க. பெறகு ஒங்களக் கட்டிக்கிறதா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."

அவளுக்காவது யோசிக்கத் தோன்றியது. ரத்தம் பதில் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும், அதை யாராலும் விரட்ட முடியாது. மூளைக்கு அப்படிக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பயன்படுத்தலாம்.