மூன்று பிரதியில் ஒரு கணவர்

முப்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் சுடுசோறு நிச்சயம் என்று கணக்குப் போட்டார் ராணுவ ஸ்டோர் ஹவில்தார்.

விஷயம் இதுதான். மாற்றலாகும் வீரரின் மனைவி, புது ஊர்க் கல்லூரியில் ஃபீஸ் கட்டாமல் படிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. போய் இறங்கி முப்பது நாளுக்குள் கணவன் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு விட்டார்களா? நடுவில் மறுபடி மாற்றல் வந்தால், படிப்பு முடியும்வரை குடும்பம் அதே குவார்ட்டர்ஸில் இருக்கலாமாம். ஹவில்தார் மட்டும் தனியாகப் போய், தன் துணியைத் தானே துவைத்து, மெஸ் சோற்றை மென்றுகொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரிக்கோ படிப்பென்றால் உயிர். மூன்று ஊரில் மூன்று கல்லூரி. அவள் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் இவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஒன்றிலும் முதல் வருஷம் தாண்டவில்லை.

ஆகவே சாமான் கட்டும்போது சுற்றறிக்கையை ஒரு கண்ணாடித் தம்ளரில் சுற்றிப் பெட்டிக்கடியில் சொருகினார். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அரசாங்கக் காகிதத்தைக் கிழிக்க ஸ்டோர்க்காரர் கை வருமா?

புது ஊரில் முப்பதாம் நாள் சாயங்காலம், கோட்டையைப் பிடித்தவர் போல வீட்டுக்குள் நுழைந்தார்.

"என்ன, முகத்துல பல்பு எரியுது?" என்றாள் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ காலேஜ் சலுகையாம். இன்னியோட தேதி முடிஞ்சுபோச்சாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன்னைச் சேர்த்துவிட்டிருப்பேன்." உச்சுக் கொட்டினார்.

"நாலாவது தம்ளர்ல சுத்தியிருந்ததே, அதுவா?"

ஹவில்தார் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் சேர்ந்து மூணு வாரம் ஆச்சுங்க."

"என் கையெழுத்து இல்லாமலா?"

"உங்க கையெழுத்து இல்லாம இந்த வீட்டுல உப்பு டப்பா நகருமா? பெட்டிக்கு ஒரு லிஸ்ட், லிஸ்டுக்கு மூணு பிரதின்னு எனக்குப் பழக்கினது யாரு? வந்து இறங்கின மறுநாள் பதினாலு பெட்டி லிஸ்ட் நீட்டினேன். பதினஞ்சாவதா விண்ணப்பம். 'சரிபார்த்தேன், எல்லாம் சரி'ன்னு கொட்டை எழுத்துல வேற எழுதிக் குடுத்தீங்க."

"நான் பெட்டின்னு நெனச்சேன்டி."

"பதினஞ்சாவது பெட்டி நம்மகிட்ட ஏது?"

"சரி, புள்ளைய யாரு பார்ப்பா?"

"மூணு வாரமா கோயிலு, கடைன்னு சொல்லிட்டுப் போனேனே, காலைல ஏழுலேருந்து பத்து, அப்ப யாரு பார்த்தா?"

பார்த்தது அவர்தான். ஸ்டோர் பத்தரைக்குத்தான் திறக்கும்.

மறுநாள் மேஜர் அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். இந்த யூனிட்டிலேயே மனைவியைப் படிக்க வைத்த முதல் ஆள் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டி, நாலு வார்த்தை பேசச் சொன்னார். கைதட்டல் கேட்டதும் ஹவில்தாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாலு வார்த்தைக்கு நாற்பது நிமிஷம் பேசினார். பெண் கல்வி பற்றித் தானே கண்டுபிடித்தவர் போலப் பேசினார்.

அடுத்த மாதம் ஒரு காலை, ஏழே காலுக்கு வாசலில் சத்தம். கதவைத் திறந்தார். ஒன்பது வீரர்கள், ஒன்பது குழந்தைகள்.

"அண்ணே," என்றான் முதலில் நின்றவன், "உங்க பேச்சைக் கேட்டு மேஜர் எல்லாருக்கும் கெடுவை நீட்டிட்டாரு. வீட்டுக்காரங்க எல்லாம் காலேஜுக்குப் போயாச்சு. பால் எந்தச் சூட்டுல குடுக்கணும்?"

கொடுமை என்னவென்றால், அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.