பணி எல்லைக் குழுவின் மாபெரும் வெற்றி

வலியை வெல்ல மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் மயக்கமருந்து முதலாவது. குழுக் கூட்டம் இரண்டாவது. ரொறன்ரோ மருத்துவமனை ஒன்றின் 'பணி எல்லைக் குழு'வில் சமூகப் பிரதிநிதியாக அமரும் பேறு பெற்ற நான் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன். யார் எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிப்பதே எங்கள் பணி.

அங்கே தாதியாக இருந்தவர் கஜனி. அதற்கு முன் அமெரிக்க மாநிலம் ஒன்றில் மயக்கமருந்துத் தாதியாகப் படித்து, பல ஆண்டுகள் தனியாகவே நோயாளிகளைத் தூங்கவைத்தவர். தவறாமல் எழுப்பியும் விட்டவர். அந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. எங்கள் விதி கொடுக்கவில்லை. மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்றால் கஜனி ஊசியை எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் இல்லையென்றால் நோயாளிக்குப் போர்வை போர்த்திவிடலாம்.

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் வசிக்கும் அருள்நாயகம் அண்ணைக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டியிருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் சோபாவிலேயே படுத்துக்கொண்டிருந்தார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதும், மயக்க மருத்துவர் கிடைக்காமல் அதைத் தள்ளிப்போடுவதும் எங்கள் மருத்துவமனையில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

கஜனி குழுவின் முன் வந்தார். டொக்டர் இல்லாத நாட்களில் தானே மயக்கமருந்து கொடுப்பதாகச் சொன்னார்.

தலைவர் றிச்சர்ட் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அதைப் பயன்படுத்தாமல் பாதுகாக்கிறோம்."

"அங்கே தனியாகத்தான் செய்தேன்."

"அவர்கள் அங்குள்ள நோயாளிகள்."

"மனித உடம்பு ஒன்றுதானே?"

"அதை ஆராய ஓர் உபகுழு தேவை."

உபகுழு அமைந்தது. தேநீரோடு கடிக்க ரோல்ஸ் வந்தது. கூட்டம் இனிதே நிறைவுற்றது.

நடைபாதையில் கஜனி என்னை மறித்தார். "அங்கிள், நான் திரும்பி அமெரிக்காவுக்கே போறன்."

"அவசரப்படாதேங்கோ பிள்ளை. பனி முடிஞ்சு ஸ்பிறிங்கில உபகுழு கூடும்."

"அதுவரைக்கும் அருள்நாயகம் அண்ணை உந்த வலியோட கிடக்கிறதோ?"

உறுப்பினருக்கு உரிய நிதானத்துடன் நான் கூட்டக் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். கஜனி போய்விட்டார்.

அருள்நாயகம் அண்ணை சோபாவிலிருந்தும் எழும்ப முடியாத நிலைக்கு வந்தார். தமிழ் வானொலியில் நேயர்கள் எங்களைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். உடனே குழு வரலாற்று முடிவொன்றை எடுத்தது: மருத்துவமனைச் செலவில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

ஊன்றுகோலுடன் நடந்தே வந்து அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். அங்கே கவனிப்பு எப்படி என்று றிச்சர்ட் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"திறம். எனக்கு மயக்கமருந்து தந்தது எங்கட கஜனிப் பிள்ளையெல்லோ. டொக்டர் ஒருத்தரும் பக்கத்தில நிக்கேல்லை. கண் முழிக்கும் மட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு வெளிநாட்டு நிபுணர் சிறப்பாகக் கவனித்ததாகச் சொல்கிறார்," என்றேன்.

குழு எழுந்து நின்று கைதட்டியது. கஜனி இதே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர். அவரை வெளிநாட்டு நிபுணராக்கிய பெருமை முழுவதும் எங்கள் குழுவையே சேரும்.