புத்தளத்து நம்பர்

பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடியிருப்பார். ஜவாஹிர் நேரே முற்றத்துக்குப் போய், மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் குந்தியிருந்து நம்பர்த் தகட்டைப் பார்த்தார்.

‘என்.டபிள்யூ’ என்றது தகடு. வடமேல் மாகாணம். அதாவது புத்தளம். வாகனத் தகட்டில் மாகாணத்தின் இரண்டு எழுத்தைப் போட்டே தீர வேண்டும் என்றிருந்த கடைசிக் காலம் அது.

"இதை மாத்தோணும்," என்றார்.

"எதை?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி நஜ்முன்னிஸா.

"நம்பரை. என்.பி எண்டு வடமாகாண நம்பர் எடுக்கோணும்."

"அவை பொம்பிளை பாக்க வருகினமோ, மோட்டச்சைக்கிள் பாக்க வருகினமோ?"

"ஹுஸைன் ஹாஜியார் எல்லாத்தையும் பாப்பார்."

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டுத் துரத்தியபோது, மாப்பிள்ளையின் தகப்பனான இந்த ஹாஜியாரும் ஜவாஹிரும் ஒரே லொறியில்தான் ஏறினார்கள். புத்தளத்தில் ஒரே முகாமில்தான் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். ஆனால் ஹாஜியார் வெள்ளனவே யாழ்ப்பாணம் திரும்பி வந்து பெரியகடைப் பக்கம் இரும்புக் கடை போட்டுவிட்டார். ஜவாஹிர் வந்து மூன்று வருடம்தான். முந்தி வந்தவன் அசல் யாழ்ப்பாணத்தான், பிந்தி வந்தவன் புத்தளத்தான் என்று ஒரு சட்டம் எப்படியோ உண்டாகிவிட்டது. அதை உண்டாக்கியவரே ஹாஜியார்தான் என்று சிலர் சொல்வார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டு, "உவை புத்தளத்தாக்கள், ரெண்டு மழைக்குத் திரும்பி ஓடிடுவினம்" என்று அவர் சொன்னதை ஜவாஹிர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார்.

பழைய பித்தளை வாங்கக் கரவெட்டிப் பக்கம் போனாலும் இதே கதைதான். "புத்தளத்திலையிருந்தோ வாறீங்கள், இவ்வளவு தூரம்?" என்று தகட்டைப் பார்த்துக் கேட்பார்கள். புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் அவருக்கு 'யாழ்ப்பாணத்து நானா' என்று பெயர். ஒரு மனிதன் இரண்டு ஊரிலும் வெளியூரானாக இருப்பதற்கு நிரம்பத் திறமை வேண்டும். அது ஜவாஹிருக்கு வாய்த்திருந்தது. தன் மகளுக்கும் அது வாய்க்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

மகள் ஆஸிகாவுக்கு ஹாஜியாரின் மகன் இன்ஸாபைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் எந்த வெள்ளிக்கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வாகனங்களைப் பதியும் மோட்டார்க் கந்தோரில் லவீனா என்ற பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினாள்.

"நீங்கள் இஞ்சை நிரந்தரமா இருக்கிறீங்கள் எண்டு விதானையாரிட்டைக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ ஐயா."

கிராம அலுவலரை ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். பெயர் கொலின்ஸ். ஜவாஹிர் ஊரைவிட்டுப் போனபோது பிறந்தே இராதவர்.

"அண்ணை, உங்கடை பேர் இன்னும் புத்தளத்து வாக்காளர் இடாப்பிலையெல்லே கிடக்கு."

"தம்பி, நான் பிறந்ததே இந்த ஒழுங்கையிலைதான்."

"பிறந்தது சரி. இப்ப இருக்கிறீங்களோ?"

"உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்."

"நிக்கிறது வேறை அண்ணை, வதியிறது வேறை." கொலின்ஸ் ஒரு படிவத்தை இழுத்தார். "ஊரைவிட்டுப் போன காரணம் கேட்டிருக்கு. வேலையோ, படிப்போ, கலியாணமோ?"

"ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள். போகச் சொன்னவங்கள். போனனாங்கள்."

கொலின்ஸ் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார். 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதினார்.

"புத்தளத்திலை பேரை வெட்டிக்கொண்டு வாங்கோ. நான் கையோடை கடிதம் தாறன்."

ஜவாஹிர் பஸ் ஏறிப் புத்தளம் போனார். அங்கே இருந்த அலுவலர் அவரைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார்.

"வாங்க யாழ்ப்பாணத்து நானா. பேரை வெட்டுறதுல பிரச்சினை இல்ல. ஆனா வீடு, கரண்டு பில்லு எல்லாம் இன்னும் உங்க பேர்ல இருக்கே. வீடு இருக்கிற ஆள இல்லாத ஆள்னு நான் எப்படி எழுத?"

வீடு என்றால் சும்மா வீடு இல்லை. முகாமை விட்டு வெளியே வந்து, கல் கல்லாகக் கட்டிய வீடு. ஆஸிகாவுக்கு என்று வைத்திருந்தது. இப்போது நஜ்முன்னிஸாவின் தம்பி அதில் குடியிருந்தான்.

"பேரை மாத்தினாப் போச்சு மச்சான், இதுக்கா யோசிக்கிறீங்க," என்றான் தம்பிக்காரன். அவன் ஒரு காரியத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து ஜவாஹிர் பார்த்ததே இல்லை. அன்று மாலைக்குள் வீட்டை எழுதி மாற்ற நொத்தாரிசு வந்தார், சாட்சிகள் வந்தார்கள், புரியாணியும் வந்தது. ஜவாஹிர் பேனையை ஒருதரம் கீழே வைத்தார். ஆனால் பள்ளிவாசல் வாசலில் ஹாஜியார் சொன்னது காதில் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

செய்தி கேட்டு நஜ்முன்னிஸா அகப்பையோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"தகரத் துண்டுக்கு வீட்டைக் குடுத்த ஆம்பிளை உலகத்திலை நீங்கள் ஒருத்தர்தான் இருப்பியள்."

"உன்ரை தம்பிக்குத்தானே குடுத்தனான்."

"அவனைத் தெரிஞ்சபடியாலைதான் சொல்லுறன்."

"ஹாஜியாருக்குப் புத்தளம் எண்டாலே பிடியாது. அங்கை வீடு வைச்சிருந்தால், இவன் ஒரு காலை அங்கை வைச்சிருக்கிறான் எண்டுதான் சொல்லுவார். இப்ப ரெண்டு காலும் இஞ்சைதான்."

பெயர் வெட்டியாயிற்று. கொலின்ஸ் சொன்னபடி கடிதம் தந்தார். லவீனா சிரித்துக்கொண்டே பழைய தகடுகளை வாங்கி வைத்துக்கொண்டு, புதியது கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றாள். வரும்வரை மோட்டார் சைக்கிள் எந்த மாகாணத்துக்கும் சொந்தமில்லாமல் நின்றது. சாவகச்சேரிச் சந்தையடியில் பொலிஸ் மறித்து, தகடு எங்கே என்று கேட்டபோது, "வருகுது" என்றார் ஜவாஹிர். தகடு வந்த பிறகு நீயும் வா என்று அவர்கள் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழமைக்கு மேல் பித்தளை வியாபாரம் பஸ்ஸில் நடந்தது. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு தொப்பியோடு இருந்தவரைப் பஸ்ஸில் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை தகடு வந்தது; அதைக் காட்டி அன்றே பொலிஸிலிருந்து வண்டியை மீட்டு வந்தார். வெள்ளிக்கிழமை விடியவே வண்டியைக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, பின்பக்கம் தெரியும்படி வாசலில் குறுக்காக நிறுத்தினார். வீட்டுக்குள் வருகிறவர் எவராயினும் 'என்.பி'யை உரசாமல் உள்ளே வர முடியாது.

ஹாஜியாரும் மனைவியும் இன்ஸாபும் உரசிக்கொண்டே வந்தார்கள். ஹாஜியார் தகட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றார். ஜவாஹிருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சர்பத் வந்தது. வட்டிலப்பம் வந்தது. ஆஸிகா வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். இன்ஸாப் வட்டிலப்பத்தை விட்டுவிட்டு அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்பரை மாத்திப்போட்டியளோ?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம் ஹாஜியார். இனி எங்களுக்கு இந்த மண்தான்."

"அது சரி. ஆனால் புத்தளத்திலை உங்களுக்கு வீடொண்டு..."

"எழுதிக் குடுத்திட்டன், ஹாஜியார்."

"ஆருக்கு? பொம்பிளைக்கோ?"

"சீச்சீ. அந்தக் குறையை நான் வைப்பனோ? மச்சானுக்கு. என்ரை பேரும் அங்கத்தை இடாப்பிலை இல்லை. இனி என்ரை பிள்ளையைப் பாத்துப் புத்தளத்தாள் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

ஹாஜியார் கரண்டியைக் கீழே வைத்தார். தான் சொன்னதில் மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்து ஜவாஹிர் இன்னும் கொஞ்சம் சொன்னார். புத்தளத்து உப்புத் தண்ணீரை, வெயிலை, நுளம்புக் கடியை எல்லாம் திட்டினார். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம் என்றார். ஹாஜியாரின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"அஸர்த் தொழுகைக்கு நேரமாச்சு," என்று ஹாஜியார் எழும்பினார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இன்ஸாப் தகப்பனையும் உள்வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

ஜவாஹிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன குறை வைச்சனான்?" என்று மனைவியைக் கேட்டார். அவள் வாசலுக்கு ஓடினாள். ஹாஜியாரின் மனைவி அங்கே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை வாயே திறக்காத மனுசி. வெளியே போய்விட்ட புருஷனை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, நஜ்முன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என்ன செய்யிறது தங்கச்சி, நாங்கள் கடையை வித்துப்போட்டுத் திரும்பப் புத்தளத்துக்கெல்லே போறம், அங்கை வீடுவாசல் உள்ள இடமாப் பாப்பம் எண்டு, பள்ளிவாசலடியிலை உங்கடை மோட்டச்சைக்கிள் நம்பரைப் பாத்துத்தான் இவர் உங்களிட்டைச் சம்பந்தமே கேட்டவர்."