கண்ணுக்குக் கீழே வெட்டிய காகிதப்பூக்கொடி

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, உன் அக்காளின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால் உன் அக்காள் மட்டும் நலம் என்று கொள்ளவும். உன் நலத்தையும், உன் நர்சரியில் இருக்கும் செடிகொடிகளின் நலத்தையும், குறிப்பாகக் கொடிகளின் நலத்தையும் அறிய ஆவல். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் உன் பேச்சைக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கதி. எழுத்து என்றால் காதுக்கு வேலையில்லை.

விஷயம் இதுதான். புதுக் குடித்தனம் போன என் மகள், "அப்பா, பால்கனி மொட்டையா இருக்கு, ஒரு கொடி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். பெண் வாய்விட்டுக் கேட்டால் எந்த அப்பன் சும்மா இருப்பான்? எங்கள் வாசலில் வேர்விட்டு, மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் ஜன்னல் வரை ஏறிப் பூத்து நிற்கும் காகிதப்பூக்கொடியை நீயும் பார்த்திருக்கிறாய். காலமான அவர் கணவர் வைத்தது. வீட்டை வாடகைக்கு விடும்போதே, "சுவர் முழுக்க ஆணி அடிச்சுக்குங்க, கொடியில மட்டும் கை வைக்காதீங்க" என்று சொன்ன அம்மா, என் மகளுக்கு என்றதும் மனமிரங்கி, "பொண்ணுக்குத்தானே, ஒரு குச்சி எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார்கள். நான் உனக்குப் போன் செய்தேன். பக்கத்தில் உன் அக்காள் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னது "கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டுங்க மாமா". இலை கிளம்பும் முடிச்சுக்குக் கணு என்று பெயர் இருப்பதை எனக்கு எவன் சொன்னான்? என் காதில் விழுந்தது "கண்ணுக்குக் கீழ". நானும் செருப்பைக் கழற்றிவிட்டு (அதன் உயரம் சேர்ந்துவிடக் கூடாதே), கொடி முன்னால் நிமிர்ந்து நின்று, என் கண்ணுக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குக் கீழே, சாய்வு மாறாமல், கட்டைவிரல் தடிமன் இருந்த தண்டை ரம்பத்தால் அறுத்தேன். துண்டு எதுவும் கீழே விழவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் கீழே போவோம் என்று மறுபடி அறுத்ததில் ஒரு முழத் துண்டு கையோடு வந்தது. அதைத் தொட்டியில் நட்டுவிட்டு, ஏதோ சாதித்தவன் போல உன் அக்காளைக் கூப்பிட்டு, "உன் தம்பி சொன்னபடி கண்ணுக்குக் கீழ வெட்டியாச்சு" என்று காட்டினேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "கணுவுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா? நட்டதையும் தலைகீழா நட்டிருக்கீங்க" என்றாள்.

அதுக்கப்புறம் நான் பண்ணினதைக் கேளு மாப்பிள்ளை. அந்தத் துண்டைப் பிடுங்கிப் பழைய இடத்துலயே பொருத்தி, டேப்பு சுத்தி, மேல கைக்குட்டையால ஒரு கட்டும் போட்டேன். தபால்காரர் பார்த்துட்டு, "யாருக்கு சார் அடி?"ன்னு கேக்கறார். மேல இருந்த இலையெல்லாம் சுருண்டு, பூ எல்லாம் கொட்டிப்போச்சு. காகிதப்பூதானே, காகிதத்துலயே செஞ்சு ஒட்டிட்டா யாருக்குத் தெரியும்னு ரோஸ் கலர் தாள் வாங்கி, ஏணி போட்டு ஏறி, முள்ளுல கையைக் கிழிச்சுக்கிட்டு ஒட்டினேன். மறுநாளே மழை. சாயம் இறங்கி, அந்த அம்மாவோட வெள்ளைச் சுவரு பூரா ரோஸ் கலர்ல கோடு கோடா ஓடிருச்சு. இந்த லட்சணத்துல அவங்க போன் பண்ணி, "கொடி எப்படி இருக்கு?"ன்னு கேக்கறாங்க. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சு, "இருந்த இடத்துலயே இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். வாசல் கேட் திறக்கற சத்தம் வந்தாலே நான் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. காலி பண்ணச் சொன்னா வேற வீடு பார்த்துக்கலாம். தினமும் ஜன்னலைத் திறந்து அந்தக் கொடிகிட்டதான் முதல் வார்த்தை பேசுவாங்க; திறந்து பார்த்துட்டு அவங்க பேசாம நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?

ஆகையால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உன் ஓட்டுநரின் வண்டியிலேயே, மாடி ஜன்னலை எட்டும் உயரத்தில் வளர்ந்த காகிதப்பூக்கொடி ஒன்றை ஏற்றிக்கொண்டு நீயும் உடனே புறப்பட்டு வரவும். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் என்னைப் போல் அல்லாமல் நல்ல காதோடு நீடு வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். "கொடி என்னப்பா ஆச்சு? ஈரத் துணியெல்லாம் நாற்காலி மேல கிடக்கு" என்கிறாள். அவள் கேட்டது துணி காயப்போடும் கொடியாம். வரும்போது நைலான் கயிறு கொஞ்சம் நீளமாகவே வாங்கி வா. அவளுக்குப் போக மிச்சம் எனக்கு வேண்டும்; வெள்ளிக்கிழமை நான் ஏறிக் குதித்து ஓட வேண்டிய பின்பக்கச் சுவர் உயரம்.